கறவைக் குரல்

கவலாசே ஆறு எத்தனை மணிக்கு வரும் என்று பாலைவன ஊரான லோட்வாரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்றால்தான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு அது. மேற்கு மலையில் மழை அடித்தால் தண்ணீரை முதலில் பார்ப்பவர் லோகிரிமாவில் கடை வைத்திருப்பவர். அவர் உடனே போன் போடுவார். லோகிரிமாவைத் தாண்டியதிலிருந்து எண்ணி ஐந்து மணி நேரம். அதுவரை மோட்டார் பைக்காரன், கரி மூட்டைக்காரி, ஆட்டுத் தரகன், ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிய குமாஸ்தா எல்லாரும் மணலில் குறுக்கே நடந்துகொண்டிருப்பார்கள். இரண்டு மைல் மேலே பாலம் ஒன்று இருக்கிறது. அது வெளியூர்க்காரர்களுக்குக் கட்டியது என்பது ஊரின் நினைப்பு.

அந்தப் புதன்கிழமை லோகிரிமா கடைக்காரர் போன் போட்டபோது மணி ஒன்பதரை. அப்படியானால் ஆறு இரண்டரைக்கு. ஆற்றுக்கு ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் ஆபீஸ். பத்து மணிக்குள் சந்தைக் கரைக்கும் தெரிந்துவிட்டது, ஆபீஸ் கரைக்கும் தெரிந்துவிட்டது. யாரும் நடையைக் கூட்டவில்லை.

அமோனி மட்டும் பேனாவை வைத்துவிட்டு மேற்கே எட்டிப் பார்த்தாள். அது புதிதல்ல. ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டுக்கொண்டு பதினோரு வருஷமாக எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருகிறவள் அவள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, ஆடு மாடு ஏற்றிப்போகும் அனுமதி, எதுவானாலும் அவளிடம்தான் வருவார்கள். எந்த அதிகாரிக்கும் பயந்தவள் இல்லை. ஒருமுறை கையெழுத்துப் போட மறந்த துணை ஆட்சியரைச் சாப்பாட்டுக் கடையில் தேடிப் பிடித்து, எண்ணெய்க் கையைக் கழுவ வைத்துக் கையெழுத்து வாங்கியவள். ஆறு என்றால் மட்டும் பயத்தில் செத்துப்போவாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, மணலில் தோண்டிய ஊற்றுக் குழியில் மறந்துவிட்டு வந்த வாளியை எடுக்கத் திரும்பிப் போன அவளுடைய அக்காவை ஆறு கொண்டுபோய்விட்டது. அமோனி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாளி மட்டும் கிடைத்தது.

அதனால் அவள் புருஷன் எகிடோர் மணலில் இறங்குவதில்லை. சந்தைக் கரையில் ஆட்டுத் தரகு பார்க்கிற ஆள், முப்பது ஆட்டை ஓட்டிக்கொண்டு பாலத்தைச் சுற்றி வருவான். "பாலத்து மாப்பிள்ளை வந்துட்டான்டா" என்று கூட்டாளிகள் கேலி பண்ணுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே போவான். கல்யாணமான அன்றைக்குக் கொடுத்த வாக்கு அது.

அந்த வாக்கை அன்று முறிக்கச் சொன்னது அமோனிதான். 

மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். கால்நடை அதிகாரி பராசா பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், இந்த வெயிலை மன்னிக்கவே மாட்டார்.

"இந்தாம்மா, உன் வீட்டுக்காரர் ஆடு எங்க? லாரி காலைலேர்ந்து நிக்குது. ஒரு மணிக்கு நான் கெளம்பிருவேன்."

"ஒன்றரைக்குன்னு சொன்னீங்களே சார்?"

"இப்ப ஒரு மணின்னு சொல்றேன். ஆட்டைக் கண்ணால பாத்தாத்தான் அனுமதித் தாள்ல கையெழுத்து. இல்லன்னா திங்கக்கெழமை."

லாரி திங்கட்கிழமை வரை நிற்காது. பாலத்தைச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மணல் வழி என்றால் அரை மணி. அமோனி போனை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"ஹாசி கடைல. பாலத்துப் பக்கம் கெளம்பப் போறேன். போன் சாகப்போவுது, சீக்கிரம் சொல்லு."

"ஒரு மணிக்குப் போயிருவாராம். மணல் வழியா வந்துரு."



"யாரு பேசுறது? என் பொண்டாட்டிதானா?"

"வெளையாடாத. மணி பன்னண்டுதான ஆகுது. ஆறு ரெண்டரைக்குத்தான வருது."

"நீயே சொல்லிட்டியா? அப்ப சரி. இன்னிக்கு மழை பேஞ்சாலும் பேயும்" என்று சிரித்தான். போன் நின்றுவிட்டது.

மற்றவர்களைப் போல அவளும் ஆற்றின் மணியை எண்ணிச் சொல்லிவிட்டாள். சொன்னபோது ஒரு பெருமைகூட இருந்தது. நானும் இந்த ஊர்க்காரிதான், எனக்கும் தெரியும் என்கிற பெருமை.

அடுத்து வந்து உட்கார்ந்தவள் அருபே. மகளுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். கழுத்து நிறைய பாசிமணி, பக்கத்தில் மஞ்சள் கேனில் தண்ணீர்.

"புள்ள எங்க பொறந்துச்சு?"

"வழில."

"எந்த வழில?"

"ஆட்டோட போற வழிதான். வழிக்கெல்லாம் பேரு வைப்பாங்களா எழுத்துக்காரம்மா? நீயே நல்ல பேரா ஒண்ணு போட்டுக்க." அருபே கேனைத் தட்டிக் காட்டினாள். "எனக்கு இன்னிக்கு எல்லாம் நல்லதாவே நடக்குது. காலைல ஆத்துல குழி தோண்டுனேன் பாரு, முழங்கைகூட இறங்கல, தண்ணி வந்துருச்சு. போன வாரம் இதே எடத்துல இடுப்பளவு தோண்டுனேன். அன்னிக்கு முதுகு ஒடிஞ்சுபோச்சு."

அமோனியின் பேனா நின்றது.

"முழங்கையா?"

"முழங்கைதான். முந்தாநாள் ராத்திரி ஆறு கொஞ்சம் வந்துட்டுப் போச்சே, அந்தத் தண்ணி."

மணல் காய்ந்திருந்தால் வருகிற வெள்ளத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். குடிக்கக் குடிக்க வெள்ளத்தின் தலை தயங்கித் தயங்கித்தான் நகரும். அந்த ஐந்து மணி நேரம் என்பது தாகமான மணலுக்கான கணக்கு. இரண்டு நாளுக்கு முன்னால் வயிறு நிறையக் குடித்த மணல் இன்றைக்கு ஒரு சொட்டுக் குடிக்காது. வெள்ளம் நிற்காமல் ஓடி வரும். ஐந்து மணி நேரம் மூன்றாகிவிடும். மூன்றுகூட ஆகாது. இது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஐந்து ஐந்து என்று சொல்லிச் சொல்லி, மணலைத் தொட்டுப் பார்க்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஒன்பதரையும் மூன்றும் பன்னிரண்டரை. வாசலுக்கு நேரே ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு பதினைந்து.

அவள் போன் போட்டாள். எடுத்தது எகிடோர் இல்லை, ஹாசி. சந்தைக் கரையில் சர்க்கரையும் சோளமாவும் விற்கிற சோமாலிக் கடைக்காரர். பாதிச் சந்தையின் போன்கள் அவர் கடையில்தான் சார்ஜ் ஏறும்.

"எகிடோர் எங்கண்ணே?"

"போனைக் குடுத்துட்டு எறங்கிட்டானே. பத்து நிமிஷம் ஆச்சு. மணல் வழியாப் போறான். என்னடா அதிசயம்னு கேட்டேன், பொண்டாட்டி உத்தரவுன்னான்."

"அண்ணே, ஓடிப்போய்த் திரும்பிவரச் சொல்லுங்க. ஆறு இப்ப வருது."

"ரெண்டரைக்குத்தானம்மா."

"இல்லண்ணே, மணல் ஈரமா இருக்கு!"

"நீ மேகத்தப் பாத்தாலே அழுவுற பொண்ணு" என்று ஹாசி அன்பாகத்தான் சொன்னார். "கடைல ஆளு நிக்குது. தண்ணி குடி. சும்மா பயப்படாத."

"என் புருஷன் செத்தா உன் கடை வாசல்ல கொண்டாந்து போடுவேன்!"

அவள் கத்திய கத்தலில் அருபே எழுந்துவிட்டாள். ஹாசி என்ன சொன்னார் என்று கேட்க அமோனி அங்கே இல்லை. செருப்பு மேசைக்கடியில் கிடந்தது. வெறுங்காலோடு ஓடினாள்.

வாசல் காவல்காரன் அவளைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "அமோனி ஓடுதுடோய்! ஆறு வந்துருச்சு, எல்லாரும் மரத்துல ஏறுங்க!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வருஷா வருஷம் சிரிக்கிற சிரிப்புதான். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட இடம் இல்லாமல் உடம்பு முழுக்கப் பயம் நிறைந்திருந்தது.  வானம் துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது, அதுதான் கொடுமை. ஒரு துளி மேகம் இருந்தால் எகிடோர் நிமிர்ந்து பார்த்திருப்பான்.

கரைக்கு வந்தாள்.

ஆறு அந்த இடத்தில் நல்ல அகலம். ஆபீஸ் கரையை ஒட்டி ஆள் உயரத்துக்குப் பள்ளமாக ஒரு ஓடை. அதைத் தாண்டினால் சந்தைக் கரை வரைக்கும் சமமான மணல். நட்ட நடுவில் அவன் நின்றான். சிவப்புக் கட்டம் போட்ட துணி, கையில் கம்பு, முன்னால் முப்பது ஆடுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் மணி கட்டிய நக்வாங்.

நக்வாங் விற்கிற ஆடு இல்லை. வேறு வேறு வீட்டில் வாங்கிய ஆடுகள் ஒரு தரகன் பின்னால் நடக்காது, சிதறிப்போகும். அதனால் தரகர்கள் வழி தெரிந்த ஒரு ஆட்டை முன்னால் விடுவார்கள். மந்தை அதன் பின்னால் போகும். லாரியில் மற்றதெல்லாம் ஏறியதும் அது மட்டும் வீடு திரும்பும். நக்வாங் தாயில்லாக் குட்டியாக அமோனியின் விரலைச் சப்பி வளர்ந்த வெள்ளாடு. காலையும் மாலையும் அவள்தான் பால் கறப்பாள்.

அந்த நக்வாங் இப்போது நகர மாட்டேன் என்று நின்றது. காதை நிமிர்த்தி மேற்கே பார்த்தபடி நின்றது. எகிடோர் கம்பால் தட்டினான், தள்ளினான், கெஞ்சினான். மந்தை மொத்தமும் நடு ஆற்றில் நின்றது.

"திரும்பிப் போ! ஆறு வருது! திரும்பிப் போ!" அமோனி கத்தினாள்.

காற்று எதிர்க்காற்று. ஆடுகளின் கத்தல் வேறு. அவன் கையைத் தூக்கி ஆட்டினான். "வர்றேன், வர்றேன்! பராசாவ நிக்கச் சொல்லு!"

நடு மணலில் நிற்கிறான், நிற்கிறான், நின்றுகொண்டே இருக்கிறான். அதை அவளால் பார்க்க முடியவில்லை. எப்படியாவது அவன் அங்கிருந்து நகர வேண்டும். அவளுக்கு யோசனை ஓடவில்லை, வாய்தான் ஓடியது. நாக்கைச் சுழற்றி, "ட்ர்ர்ர்ரோ... ட்ர்ர்ரோ... ஹோய்" என்று கூப்பிட்டாள். பால் கறக்கக் கூப்பிடும் குரல். இந்தப் பக்கத்துப் பெண்கள் ஆட்டைப் பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுவர அறிந்த ஒரே வழி அது. பிறந்ததிலிருந்து கேட்ட குரல், கை சுட்டால் உதறுவது போல அதுவாக வெளியே வந்துவிட்டது.

கத்தலைக் கொண்டுபோகாத காற்றை அந்தக் குரல் துளைத்துக்கொண்டு போயிற்று. நக்வாங் தலையைத் திருப்பியது. கம்புக்கு நகராதது அவள் குரலுக்கு நகர்ந்தது. முதலில் நடந்தது, பிறகு ஓடியது. மணி கிணுகிணுக்க மந்தை பின்னால் ஓடியது. எகிடோர் சிரித்துக்கொண்டே அதன் பின்னால் ஓடி வந்தான். எல்லாரும் அவளை நோக்கி வந்தார்கள். ஒரு நொடி அவளுக்கு உயிர் வந்தது.

அப்போது காலடியில் ஏதோ சரசரத்தது. குனிந்து பார்த்தாள்.

ஓடைக்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அழுக்கு நுரை, ஆட்டுப் புழுக்கை, முள், சருகு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு சாண் உயரத்தில், பெரிதாகச் சத்தம் இல்லாமல். கண் முன்னால் அது இரண்டு சாண் ஆயிற்று. மேலே வளைவில் கனமான லாரி வருவது போல ஒரு முழக்கம். ஆறு எப்போதும் இந்தக் கரைப் பள்ளத்தில்தான் முதலில் வரும். மணலில் பரவுவது அதன் பிறகுதான். அவள் அத்தனை பேரையும் பள்ளத்துக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வராத! வராத!" இரண்டு கையையும் வீசினாள். எகிடோர் இன்னும் வேகமாக ஓடி வந்தான். நக்வாங் பள்ளத்தின் எதிர் விளிம்புக்கு வந்து, தண்ணீரைப் பார்த்து முன்னங்காலை ஊன்றி நின்றது. பிறகு அவளைப் பார்த்தது. அவள் நிற்கிறாள் என்பதே அதற்குப் போதும். இறங்கிவிடுவது என்று முடிவு பண்ணி முன்னங்காலை வைத்தது.

அமோனி கல்லை எடுத்தாள்.

முதல் கல் விலாவில் பட்டது. நக்வாங் துள்ளியது, ஆனால் திரும்பவில்லை. தன்னை அவள் அடிப்பாள் என்று அதற்கு நம்பிக்கை வரவில்லை. மேலும் ஒரு அடி இறங்கியது. அவள் பெரிய கல்லாகத் தேடி எடுத்தாள். கரி மூட்டை தூக்குகிறவள் போல மூச்சுப் பிடித்து, முகத்தைப் பார்த்தே வீசினாள். அது கண்ணில் பட்டது. ஆடு அலறிய அலறல் மனுஷக் குழந்தையின் அலறல்.

நக்வாங் திரும்பி ஓடியது. மந்தை சுழன்று அதன் பின்னால் ஓடியது.

"அடியே! பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு? கண்ணு போச்சுடி பாவி!" எகிடோர் கம்பை ஓங்கிக்கொண்டு அவளைத் திட்டினான். அவள் அவன் மேலும் கல்லை வீசினாள். ஒன்று, இரண்டு, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வீசினாள். "போடா! ஆட்டுப் பின்னால போடா!" கல்யாணமான நாளிலிருந்து புருஷனை அவள் டா போட்டதில்லை. அப்போதுதான் அவன் அவள் காலுக்குக் கீழே பார்த்தான். பார்த்ததும் முகம் மாறிப்போய், திரும்பி ஓட ஆரம்பித்தான்.

வளைவில் ஆறு தெரிந்தது. வேரோடு ஒரு மரம் நின்றபடியே வந்தது. ஓடை நிரம்பி, விளிம்பு உடைந்து, மணலில் தண்ணீர் விரிந்தது. ஓடுகிறவனின் கணுக்கால் நனைவதைப் பார்த்தாள். முழங்கால் மறைவதைப் பார்த்தாள். ஆடுகள் தலை தலையாக மிதந்தன. சிவப்புத் துணி ஒருமுறை விழுந்து எழுந்தது. இன்னொருமுறை விழுந்தது. பிறகு நடுவில் மரமும் நுரையும் பழுப்புத் தண்ணீரும்தான்.

ஆபீஸ் வரிசையில் நின்று சிரித்தவர்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. காவல்காரன் தொப்பியைக் கையில் வைத்திருந்தான். அருபே அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டிருந்தாள், குதித்துவிடுவாளோ என்று.

போன் யாருக்கும் போகவில்லை. ஊரே ஒரே நேரத்தில் போன் பண்ணினால் எப்படிப் போகும். லோத்யாங் என்கிற மோட்டார் பைக்காரன் அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பாலத்துக்கு வண்டியை விட்டான். வழியெல்லாம் அவள் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "நான்தான் கூப்பிட்டேன்." அவன், "புடிச்சுக்கக்கா, நல்லாப் புடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினான். பாலத்தில் ஏறியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கீழே பார்த்தால் சிவப்பாக ஏதாவது தெரிந்துவிடும் என்று பயம். பன்னிரண்டு வயதில் கரையில் நின்றபோதும் இதே பயம்தான். ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்கு அக்காவை அவள் அனுப்பவில்லை.

சந்தைக் கரையில் ஹாசி கடை வாசலில் கூட்டம். வண்டி நிற்பதற்குள் குதித்தாள். கூட்டம் வழிவிட்டது. வழிவிட்ட விதத்தைப் பார்த்ததும் முடிந்துபோயிற்று என்றே நினைத்துவிட்டாள்.

எகிடோர் சர்க்கரை மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் சேறு. துணியை ஆறு கொண்டுபோயிருந்தது, ஹாசியின் லுங்கி ஒன்றைச் சுற்றியிருந்தான். ஹாசி தானும் இடுப்பு வரை நனைந்து, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் கடையை விட்டுவிட்டு ஓடி, கரையோரத் தண்ணீரில் இறங்கி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்தவர்.

"பன்னண்டு ஆடு போச்சு" என்றான் எகிடோர். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "நான் கொடுத்த வாக்கும் போச்சு."

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு பேருக்கு முன்னால் அழுகிறோமே என்கிற வெட்கம் வரவில்லை. அவன் சேற்றுக் கையை அவள் தலையில் வைத்தான்.

"நீ எறியலன்னா நான் எறங்கியிருப்பேன்டி" என்றான். "சத்தியமா எறங்கியிருப்பேன். நீ நிக்கிற கரைதானேன்னு."

நக்வாங் பிழைத்தது. இடது கண் வெள்ளையாகப் பூத்துவிட்டது. பராசாவே வந்து மருந்து போட்டார், அனுமதித் தாளைப் பற்றி அவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் பால் தேங்கி மடி கட்டிப்போய் ஆடு நடக்க முடியாமல் நின்றது. தொழுவ வேலியின் கடைசி மூலையில் நின்றது. மூன்று நாளாக அமோனி அதன் பக்கம் போகவில்லை. எகிடோர் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டுக்காரி வந்துதான் கொஞ்சம் கறந்தாள். அவளுக்கும் அது சரியாக நிற்கவில்லை.

"நீ கூப்புடு" என்றான் எகிடோர். "உன் குரலுக்கு வந்துரும். ஆடுதான, மறந்திருக்கும்."

அமோனி குவளையை எடுத்துக்கொண்டு வேலிக்குள் போனாள். நக்வாங் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அது வராமல் போய்விடும் என்று அவள் பயப்படவில்லை. வந்துவிடுமே என்றுதான் பயந்தாள். எங்கே நின்று கூப்பிட்டாலும், காலுக்குக் கீழே என்ன இருந்தாலும், கண்ணைக் கொடுத்த பிறகும் அது வந்துவிடும்.

"கூப்புடேன்" என்றான் எகிடோர்.

அவள் கூப்பிடவில்லை. குவளையோடு ஆடு நிற்கிற மூலை வரைக்கும் அவளே நடந்து போனாள்.